அடகில் இருக்கும் நேரம்

வேதபாடம் - குழுக் கூட்டத்தில் சேர்ந்து படிக்க
வாசிக்க வேண்டிய பகுதிகள்: சங்கீதம் 90, யாத்திராகமம் 5, உபாகமம் 5:12-15, மாற்கு 5:21-43, லூக்கா 10:38-42, யோவான் 21:1-14, எபேசியர் 5:15-16



இந்த மாதப் பாடத்தை எங்கள் தவறில் இருந்தே தொடங்குகிறோம். சில வருஷத்துக்கு முன்னால் உறுப்பினர்களுக்கு ‘நேர மேலாண்மை’ என்று ஒரு நாள் பயிற்சி வைத்தோம். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா எல்லாம் வாங்கி, ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பத்துக் குறிப்பு எழுதிக்கொண்டு போனோம். முதல் குறிப்பு, அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும், அப்படிச் செய்தால் அந்த நாள் முழுவதும் நம் கையில் இருக்கும் என்பது. வாசித்து முடிக்கவில்லை, பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா கையைத் தூக்கினார்கள்.

“நாலு மணிக்குத்தாம்மா எந்திக்கேன். நாலரைக்குத் தண்ணி வந்துரும். இன்னும் எத்தன மணிக்கு எந்திக்கச் சொல்லுதிய?”

எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மீதி ஒன்பது குறிப்பையும் எப்படியோ வாசித்து முடித்து, டீ குடித்து, வீடு வந்து சேர்ந்தோம். சமூகப்பணி படித்த நாங்கள், பீடி சுற்றும் பெண்ணிடம் போய் ‘நேரத்தை வீணாக்காதே’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்! அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தப் பாடம்.

ஒன்று சொல்லிவிடுகிறோம். நம் கூட்டமைப்பில் இந்து சகோதரிகளும் இஸ்லாமிய சகோதரிகளும் இருக்கிறார்கள். இது வேதத்தை வைத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்காக எழுதிய பாடம். ஆனால் இதில் வரும் புளியங்கொட்டைப் பயிற்சியை எல்லாக் குழுவும் செய்யலாம். செய்தும் இருக்கிறோம்.

சந்தையில் புழங்கும் சொல்

நேரத்தைப் பற்றிப் பிரசங்கம் என்றால் எபேசியர் 5-ஆம் அதிகாரத்தைத்தான் எடுப்பார்கள். ஞானமுள்ளவர்களாகக் கவனமாய் நடக்க வேண்டும், காலத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பவுல் சொல்கிற இடம். நாம் இதைக் கேட்கும்போதெல்லாம் ‘இன்னும் அதிகமாக வேலை செய், சும்மா இருக்காதே’ என்றுதான் காதில் விழுகிறது.

கிரேக்க மூலத்தில் பவுல் எழுதியிருக்கும் சொல் சந்தையில் புழங்குகிற சொல். விலை கொடுத்து வாங்கிக்கொள்வது, மீட்டுக்கொள்வது என்று அதற்கு அர்த்தம். இது நமக்குப் புரியாத விஷயமா? கம்மலை அடகு வைத்துவிட்டு, வட்டி கட்டி, அசல் கட்டி, மீட்டுக்கொண்டு வந்து காதில் போட்டுக்கொள்கிற நாளின் சந்தோஷம் நம்மில் யாருக்குத் தெரியாது? பவுல் சொல்வது அதுதான். நேரம் எங்கோ அடகில் கிடக்கிறது. அதை மீட்டுக் கொண்டு வா என்கிறார்.

இந்த நிருபத்தைக் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறோம் என்று பவுல் அதிலேயே சொல்கிறார். தன் நேரம் தன் கையில் இல்லாத ஒரு மனுஷன் எழுதியது இது. அதனால்தான் எங்களுக்கு இது பிடிக்கிறது.

நகையை மீட்க வேண்டுமென்றால் முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்தக் கடையில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, மீட்க என்ன விலை. நேரத்துக்கும் அப்படித்தான். நாம் பத்து ரூபாய் சேமிப்புக்கும் பாஸ்புக்கில் கையெழுத்து வாங்குகிறவர்கள். ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு நாள் எங்கே போகிறது என்று எந்த நோட்டிலும் எழுதியதில்லை. 90-ஆம் சங்கீதத்தில் மோசே செய்கிற ஜெபமே நாட்களை எண்ணக் கற்றுக்கொடும் என்பதுதான். எண்ணுவதில் இருந்துதான் ஞானம் தொடங்கும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

24 புளியங்கொட்டை

அந்தப் பயிற்சிக்குப் பிறகு சார்ட் பேப்பரை விட்டுவிட்டுப் புளியங்கொட்டையை எடுத்தோம். ஆளுக்கு 24 கொட்டை. ஒரு கொட்டை ஒரு மணி நேரம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, தூக்கம், சமையல், பீடி, பிள்ளைகள், சபை, குழு என்று பிரித்து வைக்கச் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்யலாம்.

ஒரு தங்கச்சி வைத்தது இப்படி: தூக்கம் 5, பீடி 9, சமையல், பாத்திரம், துணி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 6, பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் 2, பஸ், ரேஷன் கடை 1. ஒரு கொட்டை கையில் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். “இது டிவி பாக்குற நேரம். ஆனா பாக்கும்போதும் மடியில சொளவு இருக்கும், கை சுத்திக்கிட்டுதான் இருக்கும். இத எந்தக் கட்டத்துல வைக்க?” என்று கேட்டாள்.

உனக்கென்று வைத்த கொட்டை எது என்று கேட்டோம். கட்டங்களைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இது அந்த ஒருத்தி கதை மட்டும் இல்லை. மத்திய அரசு 2024-இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுவதாகத் தெரிந்தது. வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு அது 88 நிமிடம். 2019-இல் எடுத்தபோது பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருஷத்தில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது, அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! நம் வீட்டு ஆண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கொத்தனார் வேலைக்கும் சுமை வேலைக்கும் போகிறவர்கள் உடம்பும் ஓய்ந்துதான் வீட்டுக்கு வருகிறது. ஆனால் அவர்கள் வேலைக்கு ஒரு முடிவு நேரம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தோம். மிச்சமாகிற நேரம் தானாக நம் கைக்கு வருவதில்லை. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அம்மாவுக்குக் காலையில் அரை மணி நேரம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டோம். கிடைக்கத்தான் செய்தது. அந்த அரை மணி எங்கே போனது என்று கேட்டால், “அம்பது பீடி கூடச் சுத்துதேன்” என்றார்கள். ஒரு அடகுக் கடையில் இருந்து மீட்டதை அடுத்த கடையில் வைத்துவிட்டு வந்தமாதிரி.

எந்தக் கட்டத்திலும் அடங்காத கொட்டையும் உண்டு. ஒரு அக்கா இரண்டு கொட்டையைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை, தவணை கட்டாததற்காக வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். இவர்கள் சொளவைக் கீழே வைத்துவிட்டுப் போய், கதவைத் திறக்க வைத்து, இரண்டு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். “எறநூறு பீடி போச்சு. கடையில கணக்கு கொறஞ்சதுக்கு ஏச்சும் கெடச்சுது. இத வீணாப் போனதுன்னு வைக்கவா?”

மாற்கு 5-ஆம் அதிகாரத்தை அன்றைக்கு அங்கேயே வாசித்தோம். யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவசரமாகப் போகிறார். வழியில் பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கால் கஷ்டப்பட்ட ஒரு பெண் அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நிற்கிறார். தொட்டது யார் என்று கேட்டு, அவள் தன் கதை முழுவதையும் சொல்லுகிற வரைக்கும் நிற்கிறார். யவீரு என்ன பாடு பட்டிருப்பார்! கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அது தாமதம். இயேசுவின் கணக்கில் அது தாமதம் இல்லை. அந்த அக்காவின் இரண்டு கொட்டையையும் நாங்கள் நடுவில் ஒரு வட்டம் போட்டு வைத்தோம். அதற்குப் பெயர் எழுதவில்லை.

உடம்பு முடியாதவர்கள் ‘என் நேரம் ஒண்ணுக்கும் ஆகாது’ என்று சொல்வதையும் கேட்கிறோம். விரல் மரத்துப்போய் பீடி சுற்ற முடியாத ஒரு பெரியம்மா ஒரு கொட்டையைக்கூட எடுக்க மாட்டேன் என்றார்கள். அவர்களிடம் தோனாவூரில் வாழ்ந்த எமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொன்னோம். 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில்தான் இருந்தார். அந்த அறையில் இருந்துதான் பல புத்தகங்கள் எழுதினார். பெரியம்மா கேட்டுவிட்டு, “எனக்கு எழுதத் தெரியாதே” என்றார்கள். சரிதான். ஆனால் இப்போது அந்தத் தெருவில் நான்கு பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்கள் திண்ணையில்தான் இருக்கிறார்கள். அம்மாக்கள் நிம்மதியாகக் குழுக் கூட்டத்துக்கு வருகிறார்கள்.

செங்கல் கணக்கு

அடகுக் கடைகளில் பெரிய கடை எது என்று பார்த்தால், கடன். வாங்கும்போது பணமாகக் கைக்கு வருது. கட்டும்போது நேரமாகப் போகுது. இதை நாம் யாரும் கையெழுத்துப் போடும்போது யோசிப்பதில்லை.

ஒரு உறுப்பினர் நம் குழுக்கடன் போக வெளியே மூன்று இடத்தில் வாரக்கடன் வாங்கியிருந்தார். செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று. தவணை கட்டினால் மட்டும் போதாது. கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் கடைசி ஆள் கட்டுகிற வரை எழுந்திருக்கக் கூடாது. ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்: வாரத்தில் மூன்று நாள் சுற்றுகிற பீடி தவணைக்கே போய்விடுகிறது. தவணைக் கூட்டத்தில் உட்காருகிற நேரத்தைச் சரிக்கட்ட ராத்திரி 11 மணி வரை சுற்ற வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இலை வெட்டுகிறார். போதகர் கேட்டதற்கு, “நான் சோம்பேறி ஐயா, காலையில எந்திக்க முடியல” என்று சொல்லியிருக்கிறார். ராத்திரி 11 மணி வரை வேலை செய்கிற பெண் தன்னைத் தானே சோம்பேறி என்கிறார்!

அந்த வார்த்தையை வேதத்தில் யார் சொன்னது என்று தேடிப் பாருங்கள். யாத்திராகமம் 5-ஆம் அதிகாரம். எகிப்தில் இஸ்ரவேல் ஜனங்கள் செங்கல் அறுக்கிறார்கள். கர்த்தரை ஆராதிக்கப் போக வேண்டும் என்று நேரம் கேட்கிறார்கள். பார்வோன் என்ன செய்தான்? இனி வைக்கோல் தர மாட்டோம், நீங்களே பொறுக்கிக்கொள்ள வேண்டும், ஆனால் செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்று உத்தரவு போட்டான். இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் ஆராதனைக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று சொன்னான். இலை மோசமாக வந்தாலும் ஆயிரத்துக்கு எண்ணிக்கை குறையக் கூடாது என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்த அதிகாரத்துக்கு விளக்கம் தேவையில்லை. ஓய்ந்து உட்காருகிறவர்களைச் சோம்பேறி என்று சொன்னது பார்வோன். கர்த்தர் அப்படிச் சொல்லவில்லை. அவர் ஜனங்களின் பெருமூச்சைக் கேட்டார் என்றுதான் இருக்கிறது.

அந்த உறுப்பினரின் குழு என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று கடனையும் ஒரே நாளில் அடைக்க வழியில்லை. பாக்கி குறைவாக இருந்த ஒன்றை, குழுவின் உள்கடன் கொடுத்து முதலில் அடைத்தார்கள். அதை மாதத் தவணையாகக் கட்டலாம், வட்டி குழுவுக்கே வரும். வெள்ளிக்கிழமை காலை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஐந்து மாதம் கழித்து அடுத்ததையும் அப்படியே அடைத்தார்கள். மூன்றாவது இன்னும் ஓடுகிறது. புதிதாக எங்கேயும் கையெழுத்துப் போடுவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் அவரே எழுதச் சொன்னார். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறாவது ஆராதனையில் பார்க்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில், கர்த்தர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். உபாகமத்தில் வேறு காரணம் சொல்லப்படுகிறது. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள், அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே ஓய்ந்திருக்கட்டும் என்பது. மகன், மகள், மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கிற அந்நியன் எல்லோரும் பட்டியலில் உண்டு.

இதை ஒரு கூட்டத்தில் வாசித்தபோது ஒரு தங்கச்சி, “பொண்டாட்டி மட்டும் லிஸ்ட்ல இல்லியே!” என்றாள். வீடே சிரித்தது. ‘நீ’ என்று சொல்வதிலேயே மனைவியும் அடக்கம் என்றுதான் வேத அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள். நம் வீடுகளில்தான் யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கு ஓய்வு. நமக்குக் கறிக்குழம்பு, சோறு, ஒரு வாரத் துணி, சாயங்காலம் விருந்தாளி. ஆராதனையில் ஆமென் சொல்லும்போதே தேங்காய் துருவ வேண்டுமே என்ற நினைப்பு.

மன்னாவைப் பொறுக்கும்போது ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கர்த்தர் ஏற்பாடு செய்தார். ஓய்வு என்பது தானாக வராது, முந்தின நாளே திட்டம் போட வேண்டும் என்பது இதில் தெரிகிறது. ஒரு குழுவில் எட்டு வீடுகள் இதைச் செய்து பார்த்தன. சனிக்கிழமை சாயங்காலம் மாவு ஆட்டி வைப்பது, மசாலா அரைத்து வைப்பது, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதில்லை, மத்தியானம் ஒரே குழம்பு, சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவுவது. மூன்று வாரம் நன்றாக நடந்தது. நான்காவது வாரம் ஒரு கல்யாணம், அதற்கடுத்த வாரம் அசன பண்டிகை, எல்லாம் விட்டுப்போனது. திரும்பத் தொடங்கியது ஐந்து வீடுகள்தான். அந்த ஐந்து வீட்டில் ஒன்றில், கணவர் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குடம் எடுக்கிறார். முதலில் தெருவில் கேலி செய்தார்களாம். அதுதான் மீட்கிற விலை. கேலியும், நாலு நாள் முகம் தூக்கி வைத்துக்கொள்வதும், ஐம்பது நூறு பீடி குறைவதும் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நம் கைக்குத் திரும்பி வராது. விலை இல்லாமல் மீட்கலாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

எல்லாரும் உட்கார்ந்தால் சோறு யார் பொங்க?

மார்த்தாள் மரியாள் கதையைச் சொன்னால் நம் குழுக்களில் எப்போதும் வருகிற கேள்வி இது. நியாயமான கேள்வி. மார்த்தாளுக்காகப் பேச ஆளே இல்லை என்று நாங்களும் வருத்தப்பட்டதுண்டு.

மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்தாள் என்பது சும்மா உட்கார்ந்ததைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் குருவின் பாதத்தருகே உட்காருவது படிக்கிற மாணவனின் இடம். பவுலும் கமாலியேலின் பாதத்தருகே படித்ததாகத்தான் சொல்கிறார். பெண்ணுக்கு அந்த இடம் கிடையாது. மரியாள் அங்கே போய் உட்கார்ந்தாள். அதை அவளிடமிருந்து எடுக்கக் கூடாது என்று இயேசு அவள் பக்கம் நின்றார். ‘பயிற்சி, கூட்டம் என்று போய் நேரத்தை வீணாக்குறா’ என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் லூக்கா 10-ஐ இன்னொரு தடவை வாசியுங்கள். ஒரு பெண் கற்றுக்கொள்கிற நேரத்தை ஆண்டவரே காப்பாற்றிக் கொடுத்த இடம் அது. மார்த்தாளையும் அவர் விட்டுவிடவில்லை. லாசரு இறந்தபோது, அவரை மேசியா என்று வாய்திறந்து அறிக்கை செய்தது மார்த்தாள்தான்.

சரி, சோறு யார் பொங்க? அதற்குப் பதில் யோவான் 21-இல் இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் நிற்கிறார். ராத்திரி முழுக்க வலை போட்டு ஓய்ந்துபோன சீஷர்கள் கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பு போட்டிருக்கிறது, மீன் வைத்திருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அவரே கூப்பிட்டு, அவரே எடுத்துக் கொடுக்கிறார். மரணத்தை ஜெயித்து வந்தவர் அடுப்பு மூட்டியிருக்கிறார். இந்தப் பகுதியைப் பெண்கள் கூட்டத்தில் மட்டும் படித்தால் போதாது. வீட்டு ஜெபத்தில் ஆண்களும் மகன்களும் இருக்கும்போது சத்தமாக வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்ல வேண்டாம், வாசித்தாலே போதும்.

நாலு மணிக் கேள்விக்கு வருகிறோம்

இயேசு அதிகாலையில் எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதே மாற்குவில், சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களைத் தனியே போய்க் கொஞ்சம் இளைப்பாறச் சொன்னதும் இருக்கிறது. புயலடிக்கிற படகில் தலையணை வைத்துத் தூங்கியதும் இருக்கிறது. நாங்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்தோம்.

வளர்ந்தவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஐந்து கொட்டை தூக்கம் வைத்திருக்கிற சகோதரியிடம் 3 மணிக்கு எழும்பச் சொல்வது ஆவிக்குரிய ஆலோசனை இல்லை. அவர்கள் முதலில் மீட்க வேண்டியது தூக்கத்தை. அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து சீரியல் பார்ப்பதை நாங்கள் பாவம் என்று சொல்ல மாட்டோம், பலருக்கு அது ஒன்றுதான் இளைப்பாறுதல். ஆனால் படுத்த பிறகு போனைத் திறந்து, ரீல்ஸ் பார்த்து 12 மணி ஆகிறதே, அது இளைப்பாறுதல் இல்லை. போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுங்கள். (எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.)

ஜெபத்துக்கு என்ன செய்ய? இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் 1700-களின் தொடக்கத்தில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லி அம்மையாரை நமக்குத் தெரியும். ஜான் வெஸ்லி, சார்ல்ஸ் வெஸ்லியின் தாய். 19 பிள்ளைகள் பெற்று, பாதிக்குமேல் பிழைத்து நின்றது பத்துப்பேர். வீட்டில் தனி இடம் இல்லாததால், சமையல் மேலாடையைத் தூக்கித் தலைக்குமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம், பிள்ளைகள் அந்த நேரம் சத்தம் போட மாட்டார்களாம் என்று சொல்வார்கள். இதைவிட எங்களுக்குப் பிடித்தது அவர் கடிதத்தில் எழுதியிருக்கிற இன்னொரு பழக்கம். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளைக்கு என்று நேரம் ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு மட்டும் தனியே பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைக்காத வீட்டில், கிடைத்ததைப் பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்.

நம் பிடி அரிசிப் பழக்கமும் அதுதானே. உலையில் போடும் முன்னே ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டுவிடுவோம். சோறு வடித்த பிறகு மிச்சம் இருந்தால் எடுப்போம் என்றால் ஒரு நாளும் எடுக்க மாட்டோம். பத்து நிமிடம் போதும், இலை நனைத்து வைத்துவிட்டு உட்காருகிற பத்து நிமிடம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டால் வீட்டில் யாரும் கூப்பிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். கேள்வி கேட்ட அந்த அக்காவிடம் இதைத்தான் போய்ச் சொன்னோம். “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?” என்றார்கள்.

குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு 24 புளியங்கொட்டை கொண்டு வாருங்கள். கட்டம் போட்டு வையுங்கள். பிறகு சேர்ந்து பேசுங்கள்: எந்தக் கொட்டையை நீங்களாக வைத்தீர்கள், எதை மற்றவர்கள் உங்களுக்காக வைத்தார்கள்? மீட்க வேண்டிய ஒரே ஒரு கொட்டை எது? அதற்கு விலை என்ன, வீட்டில் யாரிடம் பேச வேண்டும், குழு எதில் கை கொடுக்க முடியும்? தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் கட்டாயம் வைக்க வேண்டும். பேங்க், ஒன்றிய அலுவலகம், கணக்கு நோட்டு என்று குழு வேலை முழுவதும் இரண்டு பேர் தலையில் இருந்தால், மோசேயிடம் அவர் மாமனார் எத்திரோ சொன்னதை யாத்திராகமம் 18-இல் வாசித்து, வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

கடைசியாக எங்கள் கொட்டை. கூட்டமைப்புக் கூட்டம் காலை 10 மணிக்கு என்று அறிவித்துவிட்டு, 11:45-க்குத் தொடங்கிய மாதங்கள் உண்டு. 60 பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்றால், 105 மணி நேரம் நாங்கள் வாங்கித் திருப்பித் தராத கடன். உறுப்பினர் தாமதமாக வந்தால் அபராதம் என்று குழு விதியில் இருக்கிறது. ஊழியருக்கு இருந்ததில்லை. போன செயற்குழுவில் அதையும் சேர்த்தாகிவிட்டது: 10 மணிக்கு யார் இருக்கிறார்களோ அவர்களோடு ஜெபித்துத் தொடங்குவது, மதியம் 12:30-க்கு முடிப்பது, தாமதமாக வருகிற ஊழியர் 50 ரூபாய் கட்டுவது. முதல் மாதமே பஸ் கிடைக்காமல் 10:20-க்கு வந்து சேர்ந்தோம். உள்ளே ஜெபம் முடிந்து வரவு செலவு வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.